பரணிலிருந்து இறக்கிய டிவி கேமை உடனே சொருகாதீர்கள்

மன்னார்குடியில் அக்கா வீட்டைத் தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது, பரணில் பித்தளை அண்டாவுக்குள் என் பழைய டிவி கேம் கிடந்தது. அக்கா மகன் தூசி தட்டிக்கொண்டே, "மாமா, இது நிண்டெண்டோதானே?" என்றான்.

இல்லை. தொண்ணூறுகளில் நம் கடைத்தெருக்களில் விற்றவை பெரும்பாலும் நகல்கள். மூலம், நிண்டெண்டோ கம்பெனி 1983-இல் ஜப்பானில் கொண்டுவந்த ஃபேமிகாம் என்ற கேம் பெட்டி. அதையே நிண்டெண்டோ 1985-இல் அமெரிக்காவில் உருவம் மாற்றி, என்இஎஸ் என்று விற்றது. உள்ளே ஓடும் கேம் ஒன்றுதானே என்று மூன்றையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். ஃபேமிகாம் கேசட்டுக்கு அடியில் 60 பின் (பெட்டியோடு இணைக்கும் உலோக முனைகள்), என்இஎஸ் கேசட்டுக்கு 72. ஆன்லைனில் ஆசையாக அமெரிக்கக் கேசட் வாங்கினால், கன்வெர்ட்டர் இல்லாமல் அது ஷோகேஸில்தான் உட்காரும்.

அதுகூடப் பரவாயில்லை, பணத்தோடு போகும். அடாப்டரில் தப்பு செய்தால் கேம் பெட்டியே போகும். ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, முனையின் நடுவில் மைனஸ். என்இஎஸ்ஸுக்கு 9 வோல்ட் ஏசி. இரண்டு முனையும் அச்சாகப் பொருந்தும். ஆனால் அந்த ஏசி அடாப்டரை ஃபேமிகாமில் போட்டால் உள்ளே கருகிவிடும். நகல் பெட்டிகளில் கம்பெனிக்கு ஒரு மாதிரி. கையில் கிடைத்த மோடம் அடாப்டரைப் போட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம். கூத்தாநல்லூர்ப் பக்கம் சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீடுகளில் வெளிநாட்டுக் கேம் பெட்டி இருக்கும். சிங்கப்பூர் மின்சாரம் நம்மைப் போல 230 வோல்ட்; ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. அடாப்டர் முதுகில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள்.

அடுத்தது கேசட். ஊதிப் போட்டால் ஓடும் என்பது நம் எல்லோருக்கும் வேதவாக்கு. உண்மையில் கழற்றித் திரும்பப் போடுவதால்தான் ஓடுகிறது. ஊதும்போது எச்சில் ஈரம்தான் பின்னில் படிகிறது. ஐப்பசி அடைமழை ஈரத்திலேயே என் கேசட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. "கொஞ்சம் புளி போட்டுத் தேயேன்டா, பளிச்சுன்னு ஆயிடும்" என்றாள் அக்கா. குடத்துக்குச் சரி. இங்கே புளியும் உப்புத்தாளும் பின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சைக் கெடுத்துவிடும். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு நாலு தடவை இழுத்தேன். பஞ்சு கறுத்துப்போய் வந்தது. காயவிட்டுப் போட்டேன், ஓடியது.

ஓடியதும் அக்கா மகனுக்கு அடுத்த கவலை: "எதிரிங்க வரிசையா வந்தா மினுக்குது மாமா, சிப் போச்சா?" சிப் நன்றாகத்தான் இருந்தது. இந்த இயந்திரத்தின் படம் 256-க்கு 240 புள்ளி, அதாவது 61,440. வேலை செய்யும் நினைவகமோ 2 கேபி, அதாவது 2,048 பைட். முழுப் படத்தையும் எங்கேயும் எழுதி வைக்க இடமில்லை. அதனால் டியூப் டிவியில் படம் வரையும் கதிர் ஒவ்வொரு கோடாக இறங்க இறங்க, சிப்பும் அந்தந்தக் கோட்டை அப்போதைக்கப்போது போட்டுக்கொடுக்கிறது. அந்த அவசரத்தில் ஒரு கோட்டுக்கு 8 உருவங்களுக்கு மேல் முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று விடுபடும். எப்போதும் ஒரே ஆள் காணாமல் போகக் கூடாதென்று புரோகிராமர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் முறை மாற்றிவிடுவார்கள். அதுதான் மினுக்கல். 1977-இன் அட்டாரி 2600 இன்னும் பாவம், மொத்த நினைவகமே 128 பைட்.

பிட் (சிப் ஒரே மூச்சில் கையாளும் அளவு) கணக்கைப் பார்த்து மயங்குவதும் பழைய நோய். 64 பிட் என்று தம்பட்டம் அடித்து 1993-இல் வந்த அட்டாரி ஜாகுவாரை, மறு வருஷம் வந்த 32 பிட் பிளேஸ்டேஷன் ஊதித் தள்ளியது. '9999999 கேம்' கேசட்டைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், பத்துப் பதினைந்துக்கு மேல் எல்லாம் அதேதான்.

கேமோடு இருந்த விளையாட்டுத் துப்பாக்கிதான் சுடாமல் அடம் பிடித்தது. ட்ரிக்கரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, குறி இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி அந்தக் கணத்திலேயே பிடிக்க வேண்டும். டியூப் டிவிக்காகச் செய்த ஏற்பாடு, எல்இடி டிவியில் பலிக்காது. துப்பாக்கி ரிப்பேர் என்று அக்கா மகன் தூக்கிப் போட இருந்தான். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாக்கு போர்த்திக் கிடந்த 14 இன்ச் அரசாங்க இலவச டிவியைத் தூக்கிவந்து, ஆன்டெனா வயரை மாட்டி, சேனல் தேடினோம். முதல் குறியே விழுந்தது.