செய்திக்குறிப்பில் ‘நாளை’ என்று எழுதாதீர்கள்

எங்கள் அறக்கட்டளையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ரத்ததான முகாமுக்குச் செய்திக்குறிப்பு எழுதி, “பார்த்துச் சொல்லுங்கண்ணா” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதல் வரியிலேயே ‘நாளை’. 12 வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு. எழுத்துப் பிழை பாருங்கள், ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

‘நாளை’

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து எழுதினேன்: ‘இலவச கண் சிகிச்சை முகாம் நாளை நடைபெறுகிறது.’ எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே குறிப்பு. மாலைப் பத்திரிகை அன்றைக்கே கடைக்கு வந்துவிடும், அதில் ‘நாளை’ என்றால் ஞாயிறு, சரி. காலைப் பத்திரிகையில் வருவதோ ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாகப் பத்திரிகை டெஸ்க்கில் செய்தியைத் திருத்துபவர் ‘இன்று (ஞாயிற்றுக்கிழமை)’ என்று மாற்றிவிடுவார். அன்றைக்கு மாற்றவில்லை. என்ன அவசரமோ, நான் எழுதியது எழுதியபடியே ‘நாளை’ என்று அச்சாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை மண்டபத்து வாட்ச்மேன் போன் செய்தார். போய்ப் பார்த்தால் வாசல் படியில் பதினைந்து இருபது பேர், பாதிப் பேர் முதல் பஸ் பிடித்து வந்த வயசானவர்கள். ஒரு பாட்டி மடியில் மஞ்சள் பை, உள்ளே ஒரு மாற்றுப் புடவை, ஆதார் நகல். கண்புரை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி வேனில் கூட்டிப் போவார்கள் என்பதால் ‘மாற்றுத் துணியும் ஆதார் நகலும் கொண்டு வரவும்’ என்று நான்தான் குறிப்பில் எழுதியிருந்தேன். நான் சொன்னதை ஒன்று விடாமல் செய்திருக்கிறார், கிழமையை மட்டும் நான் சொல்லவில்லை. டாக்டர்கள் முந்தின நாளே முகாமை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பஸ் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பினோம், வேறென்ன செய்ய?

கோபத்தோடு நிருபரிடம் சண்டைக்குப் போனேன். அவர் போனில் என் மின்னஞ்சலையே திறந்து காட்டினார். “நீங்க எழுதினதுதானே சார் வந்திருக்கு?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் எந்தக் குறிப்பிலாவது அந்தச் சொல்லைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

தம்பியிடம் இதைச் சொன்னதும் ‘வரும் ஞாயிறு’ என்று மாற்றி அனுப்பினார். அது ‘நாளை’க்குக் கூடப்பிறந்தது! செய்தி ஞாயிற்றுக்கிழமையே வந்தால் படிப்பவர் அடுத்த வாரம் என்றுதானே நினைப்பார். தேதியும் கிழமையும் சேர்ந்தே வரட்டும்: ‘9.2.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை.’ எழுதியதும் காலண்டரில் ஒரு தடவை சரிபாருங்கள், தேதி ஒன்றும் கிழமை வேறொன்றுமாக இருந்தால் ‘நாளை’யே தேவலை. அப்புறம், முடிந்தவரை இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

தலைமை, முன்னிலை, வரவேற்பு

தலைவர் தலைமை தாங்கினார், செயலாளர் முன்னிலை வகித்தார், பொருளாளர் வரவேற்றார் என்று ஒரு பத்தி போன பிறகு, நன்றியுரைக்கும் கீழே ‘62 பேர் ரத்ததானம் செய்தனர்’ என்று வரும். இடம் போதாவிட்டால் வெட்டு கடைசியிலிருந்துதான் விழும். 62 முதல் வரிக்கு வரட்டும். தலைவர் கோபித்துக்கொள்வார், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

பாமினி

வேண்டாம். டிடிபி கடையில் அந்த எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் நிருபர் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். லெட்டர்பேடைப் போட்டோ எடுத்து அனுப்புவதும் வேலைக்காகாது, அதைத் திரும்ப ஒருவர் தட்ட வேண்டும், தட்டும்போது உங்கள் தலைவரின் இனிஷியல் மாறும்.

படம்

வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்கள் பெயர், இடமிருந்து வலம்.

தொடர்பு எண்

தலைவர் எண் வேண்டாம். அவர் மேடையில் இருப்பார், போன் சைலண்டில் கிடக்கும். சாயங்காலம் பத்திரிகை ஆபீஸில் பக்கம் போடுகிற நேரத்தில் ‘மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்?’ என்று ஒருவர் கேட்டால் எடுத்துப் பதில் சொல்கிற ஆளின் எண் போதும்.

கவர்

நிருபருக்குப் பணம் வைத்துக் கொடுக்காதீர்கள்.

‘எப்ப சார் வரும்?’

கேட்காதீர்கள்.