சர்ஃப் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கும் முன்: ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்கினேன். முகப்பில் 'ரிவர்ப்' (சத்தத்தோடு எதிரொலி சேர்ப்பது) என்று ஒரு குமிழ் இருந்தது. "சர்ஃபுக்கு இது போதும் சார்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அந்தக் குமிழைப் பத்து வரை திருகினேன். காலி கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்ட் செய்தது போல ஒரு கொழகொழ முழக்கம் வந்தது. 60களின் கலிபோர்னியா பதிவுகளில் கேட்கிறோமே, தண்ணீர்ப் பரப்பை விரலால் சுண்டினது மாதிரி ஒரு 'ப்ளிச்', அது மட்டும் வரவில்லை. கம்பியை மாற்றினேன், பிக்கப்பை மாற்றினேன். எட்டு மாதம் கழித்துத்தான் தப்பு எங்கே என்று புரிந்தது. அந்த எட்டு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

கிட்டாரை டியூன் செய்யத் தெரியும், பிரிட்ஜ் பிக்கப் எது என்று தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். சர்ஃப் என்று நான் சொல்வது பாட்டில்லாத, கிட்டார் மட்டுமே முன்னால் நிற்கிற வகையை. கூட்டாகப் பாடும் கடற்கரைப் பாட்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 1: என்ன சத்தம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

சர்ஃபில் இரண்டு சத்தம் உண்டு. முதலாவது கலிபோர்னியா கிட்டார்காரர் டிக் டேலுடையது. 1961 கோடையில் நியூபோர்ட் பீச்சின் பல்போவா பகுதியில் ரெண்டெவூ பால்ரூம் என்ற நடன மண்டபத்தில் அவர் வாசித்தபோது, அவருடைய தடித்த கம்பிகளையும் வேகத்தையும் அன்றைய ஆம்ப்கள் தாங்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. பக்கத்து ஊரான ஃபுல்லர்டனில் இருந்த கிட்டார், ஆம்ப் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் அவருக்காகவே பெரிய டிரான்ஸ்ஃபார்மரும், 15 அங்குல ஜேபிஎல் டி130எஃப் ஸ்பீக்கரும் வைத்து ஷோமேன் ஆம்பைத் தேற்றினார். இந்தச் சத்தத்தில் அடிதான் பிரதானம், ஈரம் (அதாவது ரிவர்ப்) குறைவு.

இரண்டாவது, 1962-63 வாக்கில் வந்த குழுக்களின் நனைந்த சத்தம். 1961இல் ஃபெண்டர் தனிப் பெட்டியாக ஒரு ஸ்பிரிங் ரிவர்ப் (சத்தத்தை ஸ்பிரிங் வழியாக அனுப்பி எதிரொலி உண்டாக்குவது) விற்கத் தொடங்கியது. மாடல் எண் 6ஜி15. டேல் அதைக் கேட்டதே தன் பாடும் குரலுக்காகத்தான் என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் கிட்டாரை அதில் முக்கி எடுத்தார்கள். ஆரம்பிக்கிற பெரும்பாலானவர்கள் தேடுவது இதைத்தான், நானும் அப்படித்தான். மீதிப் பதிவு இதற்கானது.

படி 2: ஆம்புக்கு முன்னால் ரிவர்ப்

நான் தடுக்கி விழுந்தது இங்கே. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தனி ரிவர்ப் பெட்டியில் மூன்று குமிழ்கள்: டுவெல், மிக்ஸர், டோன். ஆம்புக்குள்ளேயே வரும் ரிவர்புக்குப் பெரும்பாலும் ஒரே குமிழ். அந்த ஒன்று மிக்ஸர் மட்டும்தான். டுவெல் உள்ளே ஒரே அளவில் கட்டிவைக்கப்பட்டிருக்கும், நம் கைக்கு எட்டாது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரசத்துக்குப் புளியை எவ்வளவு கெட்டியாகக் கரைக்கிறோம் என்பது டுவெல். அந்த ரசத்தைச் சோற்றில் எத்தனை கரண்டி ஊற்றுகிறோம் என்பது மிக்ஸர். நான் எட்டு மாதம் நீர்த்த ரசத்தைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்கைப் பலமாக உலுக்குவது டுவெல். உலுக்காத ஸ்பிரிங் முழங்கும், சொட்டாது.

அந்த 'ப்ளிச்' எப்படி வருகிறது என்று தெரிந்தால் வாசிப்பும் மாறும். ஸ்பிரிங் வழியாக எல்லா சுருதியும் ஒரே வேகத்தில் போவதில்லை. சில முந்தும், சில பிந்தும். அதனால் ஒரு சின்ன 'டக்' உள்ளே போனால், இழுபட்டு வழுக்கிய சத்தமாக மறுமுனையில் வெளியே வரும். நீண்ட கார்டை மீட்டினால் அந்த வழுக்கல் அடியில் மறைந்துவிடும். வலது உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து, பிரிட்ஜ் பிக்கப்பில், தடித்த கம்பியில் குட்டிக் குட்டியாக அடியுங்கள். அப்போதுதான் சொட்டும்.

என் தொடக்க அளவுகள்: டுவெல் 6, மிக்ஸர் 4, டோன் 6. மிக்ஸரை ஐந்துக்கு மேல் ஏற்றும் ஆசையை அடக்குங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், வரிசை. கிட்டார், ரிவர்ப் பெட்டி, ஆம்பின் முன்பக்க இன்புட். ஆம்புக்குப் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் நடுக்கட்டத்தில் பெட்டிகளைக் கோர்க்கும் துளைகள்) இருந்தாலும் அதில் கோர்க்காதீர்கள். அங்கே ஸ்டுடியோ மாதிரி சுத்தமாக வரும், ஆனால் இந்த இசைக்கு ஒட்டாது. ஸ்பிரிங்கின் சத்தம் ஆம்பின் முன்கட்டத்துக்குள் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) நுழைந்து வந்தால்தான் அந்த மிடுக்கு.

எதை வாங்குவது? 6ஜி15 போன்ற வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) பெட்டிதான் அசல், ஆனால் விலை கண்ணைக் கட்டும். என் தேர்வு சர்ஃபிபேர். வால்வுக்குப் பதில் எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்), ஆனால் உள்ளே நிஜ ஸ்பிரிங். பெடல்தான் முடியும் என்றால் கேட்டலின்பிரெட் டொபாங்கா நல்லது. பாஸ் எஃப்ஆர்வி-1 பழையதாகக் கிடைத்தாலும் விடாதீர்கள், மூன்று குமிழும் அதில் உண்டு. 'ஹால்', 'பிளேட்', 'ஷிம்மர்' என்று பன்னிரண்டு வகை ரிவர்ப் தரும் பெட்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றாவது உருப்படியாக இருந்தால் போதும் என்கிற ஆள் நான்.

படி 3: இப்போதுதான் ஆம்ப்

ஆம்பிடம் கேட்க வேண்டியது ஒன்றே: எவ்வளவு சத்தம் வைத்தாலும் கரகரக்காமல் இருக்குமா? ரிவர்ப் பெட்டி சிக்னலைக் கொஞ்சம் ஏற்றித்தான் உள்ளே அனுப்பும். ஆம்ப் கரகரத்தால் ஸ்பிரிங்கின் வாலும் (சத்தம் தேய்ந்து அடங்கும் பகுதி) சேர்ந்து நசுங்கி, சொட்டு சேறாகிவிடும். ராக் ஆட்கள் தேடும் கரகரப்பு நமக்கு எதிரி.

மேடைக்கு என்றால் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப். 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 29 கிலோ. மாடிப்படி இல்லாதவர்கள் வாங்கலாம். வீட்டுக்கும் சின்ன அரங்குக்கும் 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப் தாராளம். ஆனால் முழு டிரம்ஸோடு வாசித்தால் அது மூச்சு வாங்கும். 12 வாட் பிரின்ஸ்டன் ரிவர்ப் அழகான ஆம்ப்தான், இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் கரகரத்துவிடும்.

வால்வு இல்லாமல் ஆகாது என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ரோலண்ட் ஜாஸ் கோரஸ் வகை டிரான்சிஸ்டர் ஆம்பின் சுத்தம் சர்ஃபுக்கு அருமையாகப் பொருந்தும். முன்னால் நல்ல ஸ்பிரிங் பெட்டி இருந்தால் போதும். ஃபெண்டரின் டோன் மாஸ்டர் வரிசையும் டிஜிட்டல்தான். டீலக்ஸ் வடிவம் பத்தரை கிலோவுக்குள் முடிகிறது. என் முதுகு அதற்குத்தான் ஓட்டுப் போட்டது.

பழைய ஃபெண்டர் அமைப்பில் இரண்டு சேனல் இருக்கும். தனி ரிவர்ப் வைத்திருந்தால் 'நார்மல்' சேனலில் செருகுங்கள். உள் ரிவர்ப் அங்கே வராது, இரண்டு ரிவர்ப் மோதாது.

வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வால்வு ரிவர்ப் பெட்டிக்கும் அப்படியே, ஸ்பிரிங் டேங்க் (ஸ்பிரிங்குகள் இருக்கும் தகரப் பெட்டி) கேபிள் கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 4: கடையில் சோதனை

உங்கள் கிட்டாரையும் ரிவர்ப் பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு போங்கள். கூச்சம் வேண்டாம். முதலில் ரிவர்ப் இல்லாமல், பேஸ் 4, டிரெபிள் 6 வைத்து, பலமாக அடித்துக்கொண்டே வால்யூமை ஏற்றுங்கள். எங்கே கரகரக்கிறதோ அந்த எண்ணை நினைவில் வையுங்கள். அடுத்து ரிவர்ப் போட்டு அதையே செய்யுங்கள். இரண்டாவது முறை ஒன்றரை இரண்டு எண் முன்னதாகவே கரகரக்கும். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் ஆம்பின் உண்மையான எல்லை. அந்த அளவில் உங்கள் டிரம்மருக்கு ஈடு கொடுக்குமா என்று மட்டும் யோசியுங்கள்.

பிறகு சேர்த்தது

அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த ஆம்பை நேரே செருகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது! அது 120 வோல்ட், நம்முடையது 230. ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போனால் அண்ணனிடம் பதில் சொல்ல வேண்டும். ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் வாட்டைவிடத் தாராளமாக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், எர்த்தோடு. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த ஆம்ப் 50இல் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். பின்னால் காற்றுக்கு இடம் விடுங்கள்.

மறுபடியும் சேர்த்தது

டேங்க் மாற்றப் போன ஒருவருக்கு எண்ணில் குழப்பம். ஃபெண்டர் வகைக்கு 4ஏபி3சி1பி என்று கேளுங்கள். தலையில் உள்ள 4 என்றால் இரண்டு ஸ்பிரிங் கொண்ட நீள டேங்க். அது 9 என்றால் மூன்று ஸ்பிரிங். மூன்று இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது வழவழப்பாகப் போய்ச் சொட்டைக் குறைத்துவிடும். நடுவில் உள்ள 3 நீளமான வாலைக் குறிக்கிறது. கடைசி எழுத்து எப்படிப் படுக்க வைப்பது என்பதற்கு: 'பி' என்றால் திறந்த பக்கம் கீழே பார்க்க வேண்டும்.

ரிவர்ப் பெட்டியை ஆம்பின் தலையில் வைத்து 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஆம்பின் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை டேங்கின் முனைச் சுருள் பிடித்துக்கொள்கிறது. பெட்டியைத் திருப்பி வையுங்கள், போகாவிட்டால் இறக்கி ஒரு நாற்காலியில் வையுங்கள். என்னுடையது இப்போது பிளாஸ்டிக் முக்காலி ஒன்றின் மேல் இருக்கிறது. அதைக் காலால் இடித்தால் ஸ்பிரிங்குகள் மோதி வீடே இடி விழுந்தது போல அதிரும், கீழ் வீட்டம்மா மேலே வந்துவிடுவார்.