ஊட்டி பீட்ரூட்டில் செல் சவ்வைப் படிக்கலாம்

ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய உறைதான் செல் சவ்வு. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. அதன் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். பள்ளி நுண்ணோக்கியில் அதன் அமைப்பு தெரியாது. ஆனால் அது செய்யும் வேலையை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய ஒரு பீட்ரூட் போதும்.

முதல் நாள் இரவே தோல் சீவி, மெல்லிய துண்டு ஒன்றை ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் அதே அளவில் இன்னும் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து சாறு கசியும். அதனால் தண்ணீர் தெளிவாக வரும்வரை இந்த மூன்றையும் குழாயடியில் கழுவுங்கள். இதை விட்டுவிட்டால் எல்லா டம்ளரும் சிவந்து, எதுவும் புரியாமல் போய்விடும்.

அப்புறம் நான்கு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கொதிக்கவைத்த வெந்நீர், ஒன்றில் இரண்டு டீஸ்பூன் உப்பு கரைத்த நீர். இவற்றில் புதுத் துண்டுகள். நான்காவதில் பச்சைத் தண்ணீரும் உறைந்த துண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இதற்கு அதுவே தாராளம். வெந்நீரைப் பெரியவர்கள் ஊற்றட்டும்.

அரைமணி கழித்துப் பாருங்கள். வெந்நீரும் உறைந்த துண்டு கிடக்கும் நீரும் நன்றாகச் சிவந்திருக்கும். பச்சைத் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருக்கும்.

சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகளின் இரட்டை அடுக்கு. நீரை விரும்பும் தலைகள் வெளிப்பக்கம், நீரை ஒதுக்கும் வால்கள் உள்பக்கம். நடுநடுவே புரதங்கள் மிதக்கின்றன. 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற விஞ்ஞானிகள் முன்வைத்த மாதிரி இதுதான். ஆக்சிஜன் வால்களுக்கு நடுவே எளிதாக நுழைந்துவிடும். பீட்ரூட்டின் சிவப்பு நிறமி பெரியது, மின்னூட்டம் உள்ளது, அதற்கு வழியில்லை. வெப்பத்தில் புரதம் உருக்குலைந்து, கொழுப்பு அடுக்கும் தளர்ந்தால் நிறமி வெளியே கொட்டுகிறது. ஃப்ரீசரில் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழிக்கின்றன. டிசம்பர், ஜனவரி உறைபனியில் நீலகிரித் தேயிலைக் கொழுந்து கருகுவதிலும் இந்தச் சேதத்துக்குப் பங்குண்டு. சவ்வுகள் கிழிந்ததும், தனித்தனியே இருந்த பாலிஃபீனால் என்ற இலைச் சேர்மமும் நொதியும் கலந்து இலை பழுப்பாகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது உப்பு டம்ளர். இன்னும் ஒரு மணி நேரம் விட்டு அந்தத் துண்டை வளைத்துப் பாருங்கள், துவண்டிருக்கும். ஆனால் நீர் பெரிதாகச் சிவந்திருக்காது. உப்பு அதிகமுள்ள வெளிப்பக்கத்துக்குத் தண்ணீர் வெளியேறிவிட்டது, நிறமி உள்ளேயே நிற்கிறது. இதுதான் சவ்வூடு பரவல். நீருக்கென்றே சவ்வில் அக்குவாபோரின் என்ற புரதக் குழாய்கள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இப்போது துண்டை நல்ல தண்ணீரில் போடுங்கள், மறுபடி விறைக்கும். செல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வெந்நீரில் கிடந்த துண்டு அப்படி மீளாது.

செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குப் பொருளை ஏற்ற, செல் ஏடிபி என்ற மூலக்கூறிலுள்ள ஆற்றலைச் செலவிடும். அதை இந்தச் சோதனை காட்டாது.

வெப்பமானி கிடைத்தால் 40, 50, 60 டிகிரி நீரிலும் செய்து, எதிலிருந்து சிவக்கிறது என்று குறித்துவையுங்கள்.