பழைய தீந்தையை உரிக்க டெற்றோல் போதும்

சிற்றுருவப் பொம்மைகளில் அடை அடையாக ஏறிப்போன அக்ரிலிக் தீந்தையை நீக்க வெளிநாட்டுத் திரவம் தேடி அலைய வேண்டாம். மட்டக்களப்பில் பாமசிகளில் கிடைக்கும் டெற்றோலே போதும். அதை ஜாம் போத்தலில் ஊற்றி, உருவம் முழுதாக அமிழும்படி ஓரிரவு மூடிவையுங்கள். தீந்தை சுருங்கித் தோலாகக் கழன்று வரும். பழைய பற்தூரிகையால் உடை மடிப்பு, விரலிடுக்கு எல்லாம் தேய்த்தெடுங்கள்.

தேய்த்து முடியும்வரை தண்ணீர் மட்டும் படக்கூடாது. பட்டால், கரைந்த தீந்தை பலாப்பாலாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். தூரிகையையும் டெற்றோலிலேயே நனையுங்கள். எல்லாம் கழன்ற பின்னரே சவர்க்கார நீரில் கழுவ வேண்டும்.

அசிற்றோன் கலந்த நகப்பூச்சு நீக்கி உலோக உருவங்களுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கை அது உருக்கிவிடும். கையுறை கட்டாயம். மணத்துக்கு வீட்டில் ஏச்சு விழும். விறாந்தையில் வைத்துச் செய்யுங்கள். கழிவைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். கரையோரத்து மணல் நிலத்தில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. பழைய பத்திரிகைத் தாளில் ஊறவிட்டு, உலர்ந்ததும் குப்பையில் சேர்த்துவிடலாம்.