கட்டடத்துக்குள் டாஸ் ஆன்டெனா: கேபிள் இழுப்பதற்கு முன்

டாஸ் என்பது மொபைல் சிக்னலைக் கேபிள் வழியே கட்டடமெங்கும் பல சிறு ஆன்டெனாக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. முதல் வேலை, இப்போது உள்ளே கிடைக்கும் சிக்னலை நடந்து அளப்பது. ஒவ்வொரு தளத்தின் வரைபடத்திலும் மொபைல் நிறுவனவாரியாக, 4ஜி, 5ஜி தனித்தனியாக அளவைக் குறியுங்கள். ஆர்எஸ்ஆர்பி, அதாவது போனுக்கு வந்துசேரும் சிக்னலின் வலிமை, -105 டிபிஎம்முக்குக் கீழே இறங்கும் இடமெல்லாம் சிவப்பு. லிஃப்ட் முகப்பையும் படிக்கட்டையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் மொபைல் நிறுவனத்தின் ஒப்புதலின்றி ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கிப் பெருக்கி அனுப்பும் கருவி) வைப்பது சட்டவிரோதம். ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே பொருள் வாங்குங்கள்.

அடுத்து, இழப்புக் கணக்கு. ஆன்டெனாவுக்குச் சிக்னல் கொண்டுபோகும் அரை அங்குல ஃபீடர் கேபிள் 100 மீட்டரில் 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 7 டெசிபெல், 2100க்குச் சுமார் 11 டெசிபெல் தின்றுவிடும். எனவே இருப்பதிலேயே உயர்ந்த அலைவரிசைக்குக் கணக்குப் போடுங்கள். சிக்னலைச் சமமாகப் பிரிக்கும் இருவழி ஸ்ப்ளிட்டர் இரு பக்கமும் 3 டெசிபெல்லுக்குச் சற்று மேல் குறைக்கும். வரிசையாக ஸ்ப்ளிட்டரே போட்டால் கடைசி ஆன்டெனா பட்டினி கிடக்கும். அருகிலுள்ளவற்றுக்கு, சிறு பங்கை மட்டும் எடுத்துக் கொடுக்கும் கப்ளர் போடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசி குழாய் எங்கே குறுக்கிடுகிறது, துருப்பிடித்த தொங்குகம்பி எங்கே என்று தெரியும். ஆன்டெனா அருகே துரு இருந்தால் அலைகள் அங்கே கலந்து புது இரைச்சலாகித் திரும்பும். எவ்வளவு பவர் கூட்டினாலும் அது தீராது. கேபிளை வெட்டியதும் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தூரிகையால் தட்டுங்கள். உள்ளே தங்கும் ஒரு செம்புத் துகளும் இதே கோளாறைத் தரும்.