'ஊழ்' என்ற சொல்லில் நாம் செய்யும் தவறுகள்

'எல்லாம் ஊழ்' என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், அவர் முயற்சியைக் கைவிட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறோம். இத்தனை ஆழமான சொல் அந்த ஒரு பெருமூச்சுக்குள் சுருங்கிப்போனது எனக்கு வருத்தம் தருகிறது.

ஊழைத் தலையெழுத்து என்று மட்டும் படிப்பதுதான் முதல் தவறு. தலையெழுத்து, எழுதி முடித்துவிட்ட ஒன்று. ஊழ் என்பதற்கோ முறை, ஒழுங்கு என்ற பொருள் உண்டு. குறளில் 'ஊழ்' என்ற 38ஆம் அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி ஆகிய ஏழையும் ஒரே பொருள் தரும் சொற்களாக அடுக்குகிறார். வடமொழியிலிருந்து வந்த விதியும் கட்டளை, ஒழுங்கு என்று பொருள்படுவதுதான். 'இலக்கண விதி' என்னும்போது நாம் யாரும் அழுவதில்லையே! இன்னும் அழகானது 650ஆம் குறள். 'இணரூழ்த்தும் நாறா மலர்' என்றால் கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ. ஊழ்த்தலுக்கு மலர்தலோடு முதிர்தல், உதிர்தல் என்ற பொருள்களும் உண்டு. மொட்டு தன் முறையில் விரிந்து, முதிர்ந்து, உதிர்வதை நினைத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் படித்தால் அதன் இருட்டு விலகுகிறது.

ஊழ் என்றாலே கெடுதல் என்பதும் பிழை. ஊழ் அதிகாரத்தின் முதல் குறளே ஆகூழ், போகூழ் என்று இரண்டைச் சொல்கிறது. ஆகூழ் ஆக்கம் தருவது. போகூழ் இழக்கச் செய்வது.

வினையையும் ஊழையும் ஒன்றாக்குவதும் பரவலாக நடக்கிறது. வினை என்பது நாம் செய்தது. அதன் பயன் செய்தவனையே வந்து சேரும் முறை ஊழ். சிலப்பதிகாரப் பதிகம் 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதால் வேறுபாடு கண்ணில் படாமல் போகிறது.

என்னை மிகவும் உறுத்துவது அரைகுறை மேற்கோள். 'ஊழிற் பெருவலி யாவுள', அதாவது ஊழைவிட வலியது எது என்று கேட்கும் 380ஆம் குறளைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். 62ஆம் அதிகாரத்தில் அதே வள்ளுவர், தளராமல் முயல்பவர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்கிறார். உப்பக்கம் என்றால் முதுகுப்புறம். தோற்று ஓடுபவனின் முதுகைத்தானே வென்றவன் காண்பான்? போர்க்களச் சொல் அது. அதை 'அந்தப் பக்கம்' என்று படித்தால் குறளின் வீரமே போய்விடும்.

ஒலி ஒப்புமையை நம்பி ஊழியத்தையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம், அது தொண்டு. ஊழி என்பது நெடுங்காலம். 'ஊள்', 'ஊல்' என்று எழுதுவது வெறும் எழுத்துப் பிழை.

'யாதும் ஊரே' என்ற முதலடியோடு நிறுத்திவிடுபவர்கள் புறநானூற்றின் 192ஆம் பாட்டை முழுவதும் படிக்க வேண்டும். ஆற்று நீரின் வழியே போகும் புணைபோல (தெப்பம்போல) உயிர் 'முறைவழிப் படூஉம்', அதாவது முறையின் வழியே செல்லும் என்கிறார் கணியன் பூங்குன்றனார். அங்கே முறை என்பது ஊழ். அதைத் தெளிந்ததால் அவர் சோர்ந்து போகவில்லை. பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று பாட்டை முடிக்கிறார்.