டியர்டிராப் டிரெய்லர்: ஸ்க்ரூ போடும் முன் துளையை அடைத்துவிடுங்கள்

மரத்தில் டியர்டிராப் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவச் சிறிய படுக்கை வண்டி) செய்கிறீர்களா? கதவுக் கீல், கூரை வென்ட், பின்விளக்கு எதுவானாலும் ஸ்க்ரூவை நேராகப் பிளைவுட்டில் ஏற்றாதீர்கள். 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 8 மி.மீ. பிட்டால் துளையிட்டு, உள்பக்கம் டேப் ஒட்டி, எப்பாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்புங்கள். முதலில் துளையின் சுவரில் வெறும் எப்பாக்ஸியைத் தடவி ஊறவிட்டு, பிறகு நைசான மரத்தூள் கலந்து கெட்டியாக்கியதை அடைத்தால் வழியாது. மறுநாள் இறுகியதும் நடுவில் 3 மி.மீ. துளை போட்டு ஸ்க்ரூவை முடுக்கலாம்.

பிளைவுட்டின் மேல்பரப்புக்கு வார்னிஷ் காவல் இருக்கும். துளைக்குள் வெட்டுப்பட்ட நார்கள்தான் உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரை இழுக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி மரம் கறுத்தால் பெரும்பாலும் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். எப்பாக்ஸி வளையம் இருந்தால் ஈரம் மரத்தையே தொடாது; பாதையின் அதிர்விலும் ஸ்க்ரூவின் பிடி எளிதில் தளராது. மிஞ்சிப்போனால் ஒரு மாலை வேலை. அழுகிய பக்கப் பலகையை மாற்றுவதென்றால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும்.

3 மி.மீ. கூரைப் பிளைவுட்டில் இது பலிக்காது, எப்பாக்ஸி பிடிக்க அங்கே கனம் போதாது. அடியில் ஒரு கட்டை கொடுத்து அதில் செய்யுங்கள். உள்ளே மழை படாத அலமாரிக்கு இந்தப் பாடு தேவையே இல்லை. வென்ட் விளிம்புக்கு வழக்கமான பியூட்டைல் டேப்பை (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை) மட்டும் விட்டுவிடாதீர்கள்.